சப்புக்கு ஒரு பெட்டி

தெருவில் அவருக்கு வைத்திருந்த பெயர் 'தெரியும்'. முதுகுக்குப் பின்னால்தான். எதிரில் வந்தால் டேங்க்காரர் என்பார்கள். ஃபைபரில் தண்ணீர்த் தொட்டி செய்வது அவர் தொழில். மாடியில் ஏற்றுகிற தொட்டி, மண்ணில் புதைக்கிற தொட்டி, மீன் வளர்க்கிற தொட்டி என்று எது கேட்டாலும் செய்வார், வேலையில் ஒரு நொட்டை சொல்ல முடியாது. ஆனால் யார் எதைச் சொல்ல வாயெடுத்தாலும் பாதியிலேயே "தெரியும், தெரியும்" என்று மறித்துவிடுவார். வழி தப்பி அரை நாள் சுற்றினாலும் சுற்றுவாரே தவிர, யாரையும் நிறுத்தி ஒரு வார்த்தை கேட்கமாட்டார். கேட்டால் தெரியாது என்று ஆகிவிடுமே!

ஒரு தடவை கல்யாணத்துக்கென்று பெண்டாட்டியையும் மகளையும் கூட்டிக்கொண்டு போனார். மண்டபத்தின் வாசலில் பெயர்ப் பலகை இல்லை. "இதுதான், எனக்குத் தெரியும்" என்று விறுவிறுவென்று உள்ளே நுழைந்துவிட்டார். முன்வரிசையில் உட்கார்ந்து, வயிறாரச் சாப்பிட்டு, மாப்பிள்ளையின் கையைப் பிடித்து வாழ்த்தும் சொல்லிவிட்டு வந்தார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் இன்றுவரை யாரென்று தெரியாது. வீடு வந்து சேரும்வரை அவர் மனைவி பேசவில்லை. வந்த பிறகு ஒரு வாரம் பேசினாள்.

இந்த மனிதரிடம்தான் லிஃப்ட்காரன் வந்து மாட்டினான்.

லிஃப்ட்காரன் என்றால் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். டேங்க்காரரின் மகள் பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பில் வேலை பார்த்தாள். நாலாவது மாடி. ஒரு நாள் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட, உள்ளே அவள் ஒருத்திதான். வெளியிலிருந்து கதவிடுக்கு வழியாக, அவள் பயப்படாமல் இருக்க வேண்டும் என்று இவன் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேலை பார்த்தான். லிஃப்ட் சரியான பிறகும் பேச்சு நிற்கவில்லை. அப்புறம் அந்தக் கட்டடத்து லிஃப்ட் நன்றாக இருக்கும் நாட்களிலும் அவன் பார்க்க வருவான்.

ஒளித்து மறைத்துச் செய்கிற பையன் இல்லை. நேராக வீட்டுக்கே வந்து பெண் கேட்டுவிட்டான். டேங்க்காரருக்கு அவனைப் பார்த்ததும் பிடிக்கவும் இல்லை, பிடிக்காமலும் இல்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். அவர் யோசிப்பதற்குள் கிழவியாகிவிடுவோம் என்று மகளுக்குத் தெரியும். அவள்தான் ஒரு யோசனை சொல்லிக் கொடுத்தாள். "அப்பாகிட்ட ஒரு வேலை கொடு. வேலைன்னா அவரு மனுஷனா மாறிடுவாரு. ரெண்டு பேரும் சேர்ந்து நின்னீங்கன்னா பேச்சு தானா வரும்."

அப்படித்தான் அவன் தன் பழைய காரை ஓட்டிக்கொண்டு, வீட்டை ஒட்டியிருந்த பட்டறைக்கு வந்தான்.

"சப்புக்கு ஒரு பாக்ஸ் செய்யணும் சார். கடையில விக்கிற சதுரப் பெட்டி டிக்கி முழுக்க அடைச்சுக்குது. இடது மூலையில, சக்கரத்துக்கு மேல மேடா வருது பாருங்க, அந்த வளைவோட ஒட்டினாப்புல ஃபைபர்ல அச்சு எடுத்துச் செஞ்சா இடமும் மிஞ்சும்."

"தெரியும்" என்றார் டேங்க்காரர்.

"சப் வந்து சார்..."

"அட, தெரியும் தம்பி. நான் பார்க்காத சப்பா?"

சப் என்றால் காரின் பின்பக்கம் வைக்கிற பெரிய ஸ்பீக்கர். பாட்டில் வருகிற கனத்த அடியை மட்டும் பிரித்தெடுத்து நெஞ்சில் இறக்குவது. இது இன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். தெரியும்காரருக்குத் தெரியாது. அவர் அறிந்த சப் ஒன்றே ஒன்றுதான். சப்மெர்சிபிள், அதாவது தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தபடி ஓடுகிற மோட்டார். சப்பை இறக்கு, சப்பைத் தூக்கு, சப் எரிந்துபோச்சு என்று அவர் காதில் நாள் முழுக்க விழுவது அந்த மோட்டாரின் பேச்சுத்தான்.

"எத்தனை லிட்டர்?" என்று தொழில்முறையில் கேட்டார்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. பெட்டிக்குள் எவ்வளவு காற்று நிற்க வேண்டும் என்பதை லிட்டரில்தான் சொல்வார்கள். இது தெரிந்த ஆள் கிடைப்பது அபூர்வம். "முப்பத்தஞ்சு லிட்டர் சார்! கரெக்டா கேட்டீங்க."

"மோட்டார் என்ன பவர்?"

மோட்டார் என்றதை அவன் வேடிக்கையாக எடுத்துக்கொண்டான். "ஐநூறு வாட் சார்."

முக்கால் குதிரைசக்திகூட இல்லை என்று டேங்க்காரர் மனதுக்குள் கணக்குப் போட்டார். முப்பத்தைந்து லிட்டருக்கு அதுவே அதிகம். கண் மூடித் திறப்பதற்குள் காலியாகிவிடும். காருக்குள் தண்ணீர்த் தொட்டி எதற்கு, அதற்கு மோட்டார் எதற்கு என்று ஒன்றும் பிடிபடவில்லை. காரைத் துடைக்கவா? காரைத் துடைக்க ஒரு வாளி போதாதா?

"எல்லாம் முடிஞ்சதும் மேல கார்பெட் ஒட்டிடுவேன் சார். டிக்கியைத் திறந்து பார்த்தாக்கூட அங்க ஒண்ணு இருக்குன்னே தெரியக்கூடாது" என்றான் லிஃப்ட்காரன்.

டேங்க்காரருக்குச் சுருக்கென்றது. நாற்பது வருஷமாகத் தொட்டி செய்கிறார். தெரியவே கூடாது என்று எவனும் தொட்டி கேட்டதில்லை.

"பெட்டி முடியட்டும். நீ கேட்ட இன்னொரு விஷயத்துக்கும் அன்னிக்கே பதில் சொல்லிடறேன்" என்றார். அவன் காரை விட்டுவிட்டுத் துள்ளிக்கொண்டு போனான்.

அன்று மாலையே வேலையைத் தொடங்கினார். டிக்கியில் கிடந்ததையெல்லாம் வழித்தெடுத்து, மூலை முழுக்கப் பேப்பர் டேப்பை அடுக்கடுக்காக ஒட்டினார். அதன் மேல் மெழுகு. மெழுகில் கஞ்சத்தனம் பண்ணினால் பெட்டி காரோடு ஒட்டிக்கொண்டு குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிடும். பிறகு ரெசின் என்கிற பிசினில், அதை இறுக வைக்கிற ஹார்டனரை அளந்து விட்டுக் கலக்கினார். ஃபைபர் மேட் என்கிற இழை விரிப்பைக் கையால் துண்டு துண்டாகக் கிழித்து வைத்து, நனைந்த பிரஷ்ஷால் குத்திக் குத்தி உள்ளே நிற்கும் குமிழிகளை விரட்டினார். மனைவி மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு ரெசின் டப்பாவைப் பிடித்திருந்தாள். கலவை கலக்குவதில் அவளுக்குக் கை சுத்தம். தவிர, பட்டறையில் அவரைத் திட்டக்கூடிய ஒரே ஆளும் அவள்தான்.

"இது எதுக்குங்க?" என்று கேட்டாள்.

"சப்புக்கு."

"கார்ல எதுக்கு சப்பு?"

"அது உனக்குப் புரியாது."

"உங்களுக்குப் புரிஞ்சுதா?"

அவர் பிரஷ்ஷால் இன்னும் நாலு குத்துக் குத்தினார். "உங்களைக் கேட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்" என்று அவள் அடுத்த கலவையைக் கலக்கப் போய்விட்டாள்.

மறுநாள், ஆமை ஓடு மாதிரி இறுகிப்போனதை அசைத்து அசைத்து வெளியே எடுத்தபோது அவருக்கே கொஞ்சம் ஆச்சரியம். காரின் உள்பக்கத்து மேடு, பள்ளம், ஒரு போல்ட்டுத் தலை உட்பட அச்சு அசலாக இறங்கியிருந்தது. தொட்டி என்றால் அவருக்கு உருண்டை அல்லது சதுரம். இப்படி இன்னொன்றின் முதுகுக்குத் தைத்த சட்டை மாதிரி அவர் எதையும் செய்ததில்லை. வேலை அவருக்குப் பிடித்துப்போனது, அதுதான் சங்கடம்.

சாயங்காலம் லிஃப்ட்காரன் ஒரு வளையத்தோடு வந்தான். தடித்த பலகையில் வெட்டியது, நடுவில் பன்னிரண்டு இன்ச் வட்டம். அதை அந்த ஓட்டின் முன்னால் சின்னச் சின்னக் குச்சிகளை முட்டுக் கொடுத்து, கொஞ்சம் சாய்வாக நிறுத்தினான். ஒரு கம்பளித் துணியை இழுத்துப் போர்த்திச் சுற்றிலும் ஸ்டேப்ளர் பின் அடித்தான்.

"இந்தத் துணி மேல ரெசின் அடிச்சா அப்படியே கல்லாயிடும் மாமா. உள்பக்கம் மேட் வச்சுக்கலாம், வெளிய புட்டி."

மாமா என்ற சொல் எப்போது வந்து சேர்ந்தது என்று டேங்க்காரர் திரும்பிப் பார்த்தார். அவனுக்கே தெரியாமல் நாக்கு நழுவியிருந்தது. காது சிவந்துவிட்டான். அவர் கண்டுகொள்ளாத மாதிரி துணியைத் தடவிப் பார்த்தார். உள்ளே என்னவோ இதமாக இருந்ததை முகத்தில் காட்டவில்லை.

"சப் இந்த வாயில உட்காரும். பின்னாடி மேக்னெட் பெருசு, முட்டக்கூடாது. ரெண்டு வயர் மட்டும் வெளிய எடுத்தாப் போதும்."

"தெரியும், தெரியும்."

தொட்டிக்கு வாய் மேலேதானே இருக்கும்? முகத்தில் வைத்தால் ஊற்றுவதெல்லாம் வெளியே கொட்டாதா? அப்படியானால் மூடி போட்டுத் திருக வேண்டும். மூடியை அவன் மறந்திருப்பான், சின்னப் பையன், நாமே செய்துவிடுவோம் என்று முடிவு கட்டினார். ஒரு குழப்பத்தை இன்னொரு குழப்பத்தால் அடைப்பதில் அவர் கைகாரர்.

"கசிவு மட்டும் இருக்கவே கூடாது மாமா. காத்துகூடப் போகக்கூடாது."

"தண்ணியே போகாது. அப்புறம் எங்க காத்து?"

"அப்படின்னா சூப்பரா அடிக்கும்!"

"என்ன அடிக்கும்?"

"சப்புதான் மாமா. சும்மா நெஞ்சுல வந்து எத்தும் பாருங்க! ஃப்ரெண்ட்ஸெல்லாம் எப்போ எப்போன்னு உசுர எடுக்கிறாங்க. ஞாயித்துக்கிழமை எல்லாரையும் ஊருக்கு வெளிய கூட்டிட்டுப் போய் அடிச்சுக் காட்டப்போறேன். ஊருக்குள்ள அடிச்சா போலீஸு பிடிச்சிடும்."

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். டேங்க்காரர் கையில் பிரஷ்ஷோடு நின்றார். பிரஷ் கையிலேயே இறுகிப்போனது.

தமிழில் மோட்டாரும் தண்ணி அடிக்கும், மனிதனும் தண்ணி அடிப்பான். என்ன செய்வது, மொழி அப்படி அமைந்துவிட்டது. முப்பத்தைந்து லிட்டர். கார்பெட்டுக்குள் ஒளிந்த தொட்டி. நெஞ்சில் எத்துகிற சரக்கு. ஊருக்கு வெளியே கூட்டாளிகள். போலீஸ் வேறு! இரண்டு நாளாகப் புரியாத எல்லாம் ஒரே நொடியில் வரிசையாக வந்து உட்கார்ந்துகொண்டன. தப்பான நாற்காலியில்தான். ஆனால் உட்கார்ந்துவிட்டன.

அவருக்கு வேர்த்தது. அவருடைய தங்கையின் புருஷன் குடித்தே போய்ச் சேர்ந்தவன். நடுரோட்டில் கிடந்தவனைத் தோளில் தூக்கி வந்தது இவர்தான். தங்கை கதவைத் திறந்து, ஒன்றும் சொல்லாமல், பாயை விரித்த விதம் இன்னும் அவர் கண்ணில் நின்றது. தன் மகள் அப்படி ஒரு கதவைத் திறக்கக் கூடாது. அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

மனைவியிடம் மட்டும் சொன்னார். அவள் ரெசின் டப்பாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"பையனைப் பார்த்தா அப்படித் தெரியலையேங்க. எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க."

"கேட்டா உண்மையைச் சொல்லவா போறான்?"

"அவகிட்டயாவது கேளுங்க."

"அவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? சொன்னா மனசு உடைஞ்சிடுவா. நீயும் வாயைத் திறக்காதே."

"ஆமா, நான் எதுக்கு வாயைத் திறக்கிறேன்? இந்த வீட்டுல நான் உப்புக்குச் சப்பாணிதானே" என்றாள் அவள். சப்பு, சப்பாணி என்று எல்லாம் சேர்ந்து அன்று அவருக்குத் தலையே சுற்றியது.

ராத்திரிச் சாப்பாட்டின்போது மகளே பேச்சை எடுத்தாள். "என்னப்பா, பெட்டி எப்படி வந்திருக்கு?"

"வருது."

"எப்ப முடியும்? அது அடிக்கும்போது முதல் ஆளா நான்தான் உட்காருவேன்னு சொல்லி வச்சிருக்கேன்."

கையில் எடுத்த கவளம் வாய்க்குப் போகாமல் நின்றது. "நீயுமா?"

"ஏம்ப்பா, நான் உட்காரக்கூடாதா? அவன் கூட்டாளிங்க மட்டும்தானா?" என்று சிரித்தாள். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தட்டைப் பார்த்தார். மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் விளங்காமல் மோரை ஊற்றிக்கொண்டாள்.

இதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. கை கழுவியதும் அவளைக் கூப்பிட்டு, "அந்தப் பையன் வேணாம்" என்றார்.

அவள் விளையாட்டு என்று நினைத்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஏம்ப்பா?"

"வேணாம்னா வேணாம்."

"என்ன பண்ணினான்? சொல்லு."

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்? என்கிட்டச் சொல்லேன். ஏதோ ஒரு காரணம் இருக்கும்ல?"

"எல்லாம் எனக்குத் தெரியும்மா!"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவர் ஒருவேளை இளகியிருப்பார். "உனக்குத் தெரிஞ்சா சரிப்பா. இந்த வீட்டுல வேற யாருக்கு என்ன தெரிஞ்சாத்தான் என்ன" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அவள் ஃபோனில் மெதுவாகப் பேசுவது கொஞ்ச நேரம் கேட்டது. அப்புறம் அதுவும் கேட்கவில்லை.

ஆனாலும் பெட்டியை அவர் முடித்தார். கோபம் ஆள் மேல், வேலை மேல் இல்லை. வெளியே புட்டி பூசி, உப்புத்தாளால் தேய் தேய் என்று தேய்த்து வழவழப்பாக்கினார். உள்ளே ஒரு மேட் அதிகமாகவே வைத்தார். வாய்க்கு வட்டமாக ஒரு மூடி செய்து, ரப்பர் வளையம் வைத்து, சுற்றிலும் திருகாணி முடுக்கினார். ஊற்றுவதற்கு மேல்பக்கம் ஒரு துளை போட்டு அதற்கும் ஒரு மூடி செய்தார். கடைசியில், அடிமட்டத்தில், தாமே தேடி வாங்கி வந்த ஒரு சின்னப் பித்தளைக் குழாயைப் பொருத்தினார். குழாய் இல்லாமல் அவர் கையிலிருந்து ஒரு தொட்டியும் வெளியே போனதில்லை. போகவும் போகாது.

தண்ணீர் நிரப்பிப் பட்டறை வாசலில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தபோது கீழே ஒரு சொட்டு ஈரம் இல்லை.

லிஃப்ட்காரன் ஆட்டோவில் வந்து இறங்கினான். கையில் துணி சுற்றிய ஏதோ ஒரு கனமான சாமான். தூக்கமில்லாமல் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"வணக்கம் சார்" என்றான்.

சார் என்று கேட்டதும் டேங்க்காரருக்கு எங்கேயோ வலித்தது. தானே பிடுங்கி எறிந்துவிட்டு வலிக்கிறது என்றால் யாரிடம் சொல்வது? "பெட்டி ரெடி. முப்பத்தஞ்சரை நிக்குது. அரை லிட்டர் கூட" என்று மட்டும் சொன்னார்.

அவன் பெட்டியைப் பார்த்தான். மூடியைப் பார்த்தான். சுற்றி வந்து குழாயைப் பார்த்தான். குனிந்து, குழாயை லேசாகத் திருகினான். தண்ணீர் அவன் செருப்பின் மேல் கொட்டியது.

"சார்... உள்ள ஏன் தண்ணி இருக்கு?"

"டெஸ்ட்டு. நான் என்ன உன் சரக்கையா ஊத்தி டெஸ்ட் பண்ண முடியும்?"

"என்ன சரக்கு?"

"அது உனக்குத்தான் தெரியும்."

"எனக்குத் தெரியலையே சார். இந்தக் குழாய் எதுக்கு?"

"கழுவி விட வேணாமா? அடியில வண்டல் தங்கும்ல?"

"என்ன வண்டல்?"

"நீ ஊத்துறதோட வண்டல்!"

"நான் என்னத்தை சார் ஊத்தப்போறேன்?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. தன் கணக்கில் எங்கேயோ ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது என்று டேங்க்காரருக்கு முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது.

"சப்பு எங்க? காட்டு" என்றார்.

அவன் துணியைப் பிரித்தான். கறுப்பாக, சட்டி அகலத்தில், பின்னால் பெரிய காந்தத்தோடு இருந்தது.

"இது ஸ்பீக்கர்."

"ஆமா சார். சப்பு."

"பாட்டுக் கேக்கிறதா?"

"வேற எதுக்கு சார்?"

"அப்போ லிட்டரு?"

"காத்து சார். உள்ள நிக்கிற காத்து. அதை வச்சுத்தான் அது நல்லா அடிக்கும்."

"அடிக்கும்னு சொன்னது..."

"சத்தம் சார்!"

டேங்க்காரர் தொட்டி மேடையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். முப்பத்தைந்து லிட்டர் காற்றுக்காக மகளை அறைக் கதவுக்குப் பின்னால் தள்ளியிருக்கிறார்.

லிஃப்ட்காரன் தயங்கித் தயங்கிப் பேசினான். "அவங்க ஃபோன் பண்ணினாங்க சார். அப்பா வேணாம்னுட்டாருன்னு சொன்னாங்க. நான் தகராறு பண்ண வரலை. பெட்டியை எடுத்துட்டுப் போயிடுவேன். காரணம் மட்டும் தெரிஞ்சா நல்லாயிருக்கும். நான் எதுல தப்புப் பண்ணினேன்னு எவ்வளவு யோசிச்சும் தெரியலை."

அவர் வாய் பழக்கத்தில் 'தெரியும்' என்று குவிந்தது. சொல் வரவில்லை. அதற்குப் பதில் மோட்டாரும், ஒளித்த தொட்டியும், ஊருக்கு வெளியே கூட்டாளிகளும், தங்கை விரித்த பாயும் முன்னுக்குப் பின்னாகக் கொட்டின. அவனுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பாயைக் கேட்டதும் நின்றுவிட்டது.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்."

"கேட்டிருக்கணும்" என்றார். "கேட்டுப் பழக்கமில்லை."

அவன் குழாயருகே குனிந்தான். தண்ணீரைத் திறந்துவிட்டான். மூடியைக் கழற்றி, உள்ளே துணி விட்டுத் துடைத்து, பெட்டியை வெயிலில் கவிழ்த்து வைத்தான். நன்றாகக் காய்ந்த பிறகு இரண்டு பேருமாகத் தூக்கி டிக்கிக்குள் இறக்கினார்கள். தன் இடத்துக்கு வந்துவிட்ட மாதிரி அது மூலையில் அழுந்தி உட்கார்ந்தது. இடையே ஒரு காகிதம் நுழைய இடமில்லை. வயர்களை மாட்டி, ஸ்பீக்கரை வாயில் பொருத்தி, மேல் துளையை மூடினான்.

"குழாயைக் கழட்டிடவா?" என்று டேங்க்காரர் கேட்டார். கேட்டுவிட்டோம் என்பதே அவருக்கு உறைக்கவில்லை.

"இருக்கட்டும் சார். மூடித்தானே இருக்கு, காத்துப் போகாது."

பாட்டைப் போட்டான். முதல் அடி விழுந்ததும் பட்டறையின் தகரக் கூரை நடுங்கியது. அலமாரியில் ரெசின் டப்பாக்கள் நகர்ந்தன. டேங்க்காரரின் நெஞ்சில் உண்மையாகவே யாரோ எத்தினார்கள். அவன் சொன்னது ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

சத்தத்தைக் கேட்டு மனைவி கொல்லைக் கதவு வழியாக ஓடி வந்தாள். அவள் பின்னால் மகளும் வந்தாள். முகம் வீங்கியிருந்தது. அவள் காரைப் பார்த்தாள், டிக்கியைப் பார்த்தாள், ஸ்பீக்கருக்குக் கீழே மினுங்குகிற பித்தளைக் குழாயைப் பார்த்தாள். அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மனைவிக்குப் புரிந்துவிட்டது. ஸ்பீக்கரையும் புருஷனையும் ஒரு பார்வை பார்த்தாள். அந்தத் தப்புக் கல்யாணத்தன்று பார்த்த அதே பார்வை.

"இப்பவாவது கேளுங்க!" என்று அவர் காதுக்கருகில் வந்து கத்தினாள்.

டேங்க்காரர் மகள் எதிரில் போய் நின்றார். இத்தனை களேபரத்திலும், பையனைப் பற்றி யோசித்தாரே தவிர, இவளிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கேட்டார்.

"என்னப்பா? கேக்கலை!"

மறுபடி கேட்டார்.

"கேக்கலைப்பா!"

மூச்சை இழுத்து, தொண்டை கிழியக் கத்தினார். அதே நேரம் லிஃப்ட்காரன் பாட்டை நிறுத்திவிட்டான். "உனக்கு இந்தப் பையனைப் பிடிச்சிருக்கா?" என்ற கேள்வி, எந்தத் துணையும் இல்லாமல், தெரு முழுக்கப் போய் விழுந்தது. எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. டிக்கிக்குள் தலையை விட்டிருந்த லிஃப்ட்காரன் தலையை வெளியே எடுக்கவில்லை.

மகள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுகூட உனக்குத் தெரியாதாப்பா?"

"தெரியாதும்மா" என்றார். "நீ சொல்லு."